முன்வீட்டு ரீச்சரைப் பற்றி நான் சொன்னவை

பன்னிரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் அளவையியல் படிப்பிக்கிறேன். உயர்தர வகுப்பில், கணக்குக்குப் பயந்து கலைப்பிரிவுக்கு ஓடிவந்த பிள்ளைகள், இங்கேயும் கணக்குப் போன்ற ஒன்று காத்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நிற்கிற பாடம் அது. தெரிந்த கூற்றுகளில் இருந்து பிசகாமல் முடிவுக்கு வருவதை நாங்கள் உய்த்தறிதல் என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு டிடக்சன் என்று பெயர். மாதக் கடைசியில் வரும் சம்பளத் தாளில் கழிவுகள் என்று ஒரு நிரல் இருக்குமே, அதற்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் ஒரு பிள்ளை எழும்பி, "ஏன் ரீச்சர், வெள்ளைக்காரனுக்குச் சொல்லுக்குப் பஞ்சமோ?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. எங்களிடம் உய்த்தறிய ஒரு சொல், ஊகிக்க ஒரு சொல், கழிக்க ஒரு சொல், பிடித்துக்கொள்ள ஒரு சொல் என்று தாராளமாகக் கிடக்கிறது. கழிப்பதில் மட்டும் பார்த்தாலும், கணக்கையும் கழிக்கிறோம், கண்பட்டால் நாவூறையும் கழிக்கிறோம்.

ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் இரண்டு பக்கத்திலும் நான் கெட்டிக்காரி. ஆளைப் பார்த்தால் எங்கேயிருந்து வருகிறார், எதற்கு வருகிறார் என்று சொல்லிவிடுவேன். விடைத்தாளில் புள்ளி கழிப்பதிலும் அப்படித்தான். படிமுறையில் ஒரு வரி விட்டால் அரைப்புள்ளி போச்சு. பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயரே அரைப்புள்ளி. இந்த இரண்டு கெட்டித்தனமும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை காலை என்னைக் குப்புற விழுத்தின கதைதான் இது. எழுதத் தொடங்கும்போதே சிரிப்பு வருகிறது.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. உரும்பிராயில் நானும் அம்மாவும் மட்டும். என் சாதகம் பதினேழு வீட்டுக்குப் போய்ப் பதினேழு தரமும் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பொருத்தம் பார்க்கும்போது கிரக பாவம் என்று ஒன்றை எண்ணி இரண்டு பக்கமும் சரிவருகிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு அந்த எண்ணிக்கை கூட. சரிவருகிற சாதகக்காரருக்கு என் வயது சரிவராது, வயது சரிவந்தவருக்கு என் வாய் சரிவராது. அம்மா ஒவ்வொரு தரமும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பா. எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை. இருக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உண்மையில் எனக்கு ஒரு ஆள் இருந்தார். அவருக்குத்தான் அது தெரியாது.

பின்னேர வகுப்பு முடித்து யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நாலரை மணி போல வந்து நிற்பேன். நான் பலாலி வீதியால் போகிற பஸ்ஸுக்கு, அவர் அளவெட்டி பஸ்ஸுக்கு. நடுவில் ஒரு கச்சான் கடலை வண்டில். எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயரமான, ஒட்டின கன்னம் உள்ள மனிதர். தோளில் ஒரு கறுப்புக் குழாய், வரைபடம் சுருட்டிப் போடுகிற பிளாஸ்டிக் குழாய். ஆகவே படம் கீறுகிற வேலை. சாப்பாட்டுப் பையின் அறுந்த பிடியை றப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார். எந்த மனைவியும் அப்படி ஒரு பையோடு புருஷனை றோட்டுக்கு விடமாட்டாள். ஆகவே கலியாணம் ஆகவில்லை. வெள்ளிக்கிழமையில் திருநீறு பளிச்சென்று இருக்கும். ஆகவே தாய் இருக்கிறா. இப்படி ஒரு வார்த்தை கதைக்காமல் ஒரு முழு மனிதரைக் கட்டி எழுப்பி வைத்திருந்தேன். ஒருநாள் அவர் கையை உயர்த்தினார் என்று நானும் கையை உயர்த்தினேன். அவர் கொண்டக்டரைக் கூப்பிட்டிருக்கிறார். நான் தலைமயிரைச் சரிசெய்கிற மாதிரிச் சமாளித்தேன்.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் எதிர்வீட்டு மாமி கொழும்புக்குப் போகும்போது வீட்டுத் திறப்பை என்னிடம்தான் தந்துவிட்டுப் போவா. பூக்கண்டுகளுக்குத் தண்ணீர் விட வேண்டும், நாய்க்குச் சோறு வைக்க வேண்டும். அன்று அம்மா சந்தைக்குப் போயிருந்தா. நான் பழைய வீட்டுச் சட்டையோடு, தலையை அள்ளி முடிந்துகொண்டு, மாமி வீட்டு முற்றத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வீடு தள்ளி ஒரு ஓட்டோ வந்து நின்றது. பூப்போட்ட சேலை கட்டின, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கி நடந்து வந்து கேற்றில் கைவைத்தா.

"தங்கச்சி, இந்தப் பக்கம் காணி ஏதும் விலைக்கு வருகுதோ?"

எங்கள் ஊர்களில் சம்பந்தம் விசாரிக்க வருகிறவர்கள் அதைச் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். காணி கேட்பார்கள், கிணறு இறைக்கிறவரின் வீடு கேட்பார்கள், தாகம் என்று தண்ணீர் கேட்பார்கள். கேட்கப்படுகிறவர்களும் ஒன்றும் விளங்காதவர்கள் போல அயல் வீட்டுப் பிள்ளையின் பிறப்பு வளர்ப்பெல்லாம் ஒப்புவிப்பார்கள். காணி வாங்க வந்தவர் என்றால் கிணற்றைப் பார்ப்பார், எல்லையைப் பார்ப்பார். இவ எதிரே எங்கள் வீட்டுக் கொடியில் காய்கிற என் சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றா. கலியாணம் ஆகாத பெண் அந்த ஒழுங்கையில் நான் ஒருத்திதான். முடிவு கரும்பலகையில் எழுதின மாதிரி இருந்தது.

"முன்னுக்கு இருக்கிறது ரீச்சர் வீடோ?"

"ஓம் அக்கா."

"உங்களுக்குப் பழக்கமோ?"

"பிறந்ததில இருந்து தெரியும்."

அந்த இடத்தில் நான்தான் அந்த ரீச்சர் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயும் எடுத்தேன். ஆனால் பதினெட்டாவது சாதகம் என்ற எரிச்சல் ஒரு பக்கம், இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வாழ்நாளில் வராது என்ற குஷி மறுபக்கம். என்னைப் பற்றி என்னிடமே விசாரிக்கிறார்கள்! உள்ளே கூப்பிட்டு மாமியின் கதிரையில் இருத்தினேன். தேத்தண்ணி போட்டேன். சீனிப் போத்தலைக் கண்டுபிடிக்க மூன்று அலுமாரி திறக்க வேண்டி இருந்தது.

"பிள்ளை எப்பிடி? அமைதியான பிள்ளையோ?"

"அமைதிதான். நித்திரை கொள்ளேக்கை."

அக்கா தேத்தண்ணிப் பேணியை மெல்லக் கீழே வைத்தா. "சமையல்?"

"புட்டு அவிப்பா. கல்லுக் கல்லா வரும். தாய் பாவம், ஒண்டும் சொல்லாமல் சாப்பிடுறவ."

"கோபக்காரியோ?"

"கோபம் வந்தாப் பேசமாட்டா. கடுதாசி எழுதுவா, இலக்கம் போட்டு. முன்வீட்டு மாமிக்கு மதிலைப் பற்றி ஒருக்கா எழுதினவ. ஏழு இலக்கம்."

"வயது முப்பத்திரண்டெண்டு புரோக்கர் சொன்னார்."

"முப்பத்தஞ்சு. போன மாதம்தான் நிரம்பினது."

ஒவ்வொன்றாகக் கழிக்கக் கழிக்க எனக்கு அடக்க முடியாத உற்சாகம். காலமை எழும்பப் பஞ்சி. பாடத் தெரியாது, ஆனால் பாடுவா. மீன் வெட்டினால் மீனை அடையாளம் காண முடியாது. ஒன்றுகூடப் பொய் இல்லை. என் விடைத்தாளை நானே திருத்துகிற மாதிரிச் சிவப்பு மையால் கோடு கோடாக இழுத்தேன். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் சைபருக்கும் கீழே இறங்கியிருப்பேன். அக்கா நீண்ட பெருமூச்சு விட்டுவிட்டு எழும்பினா.

"சரி தங்கச்சி. மறைக்க ஒண்டுமில்லை, என்ரை தம்பிக்குத்தான் பாக்கிறம். நாங்கள் அளவெட்டி. அவன் யாழ்ப்பாணத்தில ஒரு கந்தோரில படம் கீறுறவன். ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலதான் போய் வாறவன்."

கேற் வரைக்கும் கூடப் போனேன். ஓட்டோ இப்போது கேற்றடிக்கே வந்து நின்றது. பின் இருக்கையில் ஒரு கறுப்புக் குழாய் கிடந்தது.

"அது அவன்ரைதான். நேற்று என்ரை வீட்டில விட்டிட்டுப் போட்டான்."

அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது? எட்டு மாதம் தூரத்தில் நின்று பார்த்த மனிதரின் அக்கா என் முன்னால் நிற்கிறா, நான் அவவுக்கு என் புட்டைப் பற்றிச் சொல்லி முடித்திருக்கிறேன். முற்றத்தில் மூடாமல் விட்ட தண்ணீர் ஓடி வந்து என் செருப்புக்குள் நிறைந்தது. நான் அசையவில்லை. பிறகு அசைந்த வேகத்தில் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, கல்லுக் கல்லா எண்டாலும் அந்தப் புட்டு நல்ல ருசி!"

"என்ன?"

"கடுதாசி எழுதினாலும் எழுத்து முத்து முத்தா இருக்கும். மற்றது, நித்திரை கொள்ளேக்கை அமைதி எண்டு சொன்னனெல்லே, அதே ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம்!"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தா. ஈரச் செருப்பைப் பார்த்தா, முகத்தைப் பார்த்தா. "காணி விலைக்கு வந்தாச் சொல்லுங்கோ தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறிவிட்டா.

அடுத்த வாரம் முழுக்க எனக்கு விசர் பிடித்த மாதிரி. திங்கட்கிழமை பஸ் நிலையத்தில் அவர் கச்சான் வண்டில் பக்கம் பார்த்துச் சிரித்தார். அக்கா எல்லாம் சொல்லிவிட்டா, என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று முடிவெடுத்தேன். செவ்வாய்க்கிழமை இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். புதன்கிழமை அவர் வரவில்லை. ஆகவே வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்று இரவு சாப்பிடவில்லை. வியாழக்கிழமை வந்து இரண்டு தரம் இருமினார். ஆகவே சுகமில்லாமல்தான் வரவில்லை, ஆகவே இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை! அந்த வாரம் திருத்தின தவணைத் தாளில் எல்லாருக்கும் கைநிறையப் புள்ளி. ஒரு பிள்ளை தாளைக் கொண்டு வந்து, "ரீச்சர், இதில ஒரு வரி விட்டிட்டன், நீங்கள் காணேல்லைப்போல" என்று பயந்து பயந்து காட்டினாள்.

வெள்ளிக்கிழமை புரோக்கர் அம்மாவுக்குப் போன் எடுத்தார். சாதகம் பொருந்திவிட்டதாம், பாவமும் சரிவந்துவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்துப் பிள்ளையைப் பார்க்க வருகிறார்களாம். அம்மா போனை வைத்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தா.

"விசாரிச்சுத்தான் வருகினமாம். ஆரோ அயலில நல்லாச் சொல்லியிருக்கினம்."

"ஆர் அம்மா அப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன்.

கோயிலில் பார்ப்பது எவ்வளவோ நல்லது. சரிவராவிட்டால் இரண்டு பக்கமும் சாமி கும்பிட வந்ததாகச் சொல்லிக்கொண்டு போய்விடலாம். ஞாயிறு காலைப் பூசை முடிந்து வெளிவீதியில் மரநிழலில் நின்றோம். அக்கா தூரத்திலேயே கையைக் காட்டினா. கூட ஒரு ஆள் வந்தார். கட்டை, கொஞ்சம் வண்டி வைத்த வயிறு, கண்ணாடி, வேட்டி, இடுப்பில் சால்வை. அக்காவின் புருஷன் என்று முடிவெடுத்தேன். வணக்கம் சொல்லிவிட்டு அவருடைய தோளுக்கு மேலால் கோபுர வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவும் அக்காவும் பிரசாதம் வாங்கப் போகிறோம் என்று சொல்லி, இந்த நேரத்தில் எல்லாரும் செய்கிற மாதிரி, எங்களைத் தனியே விட்டுவிட்டுத் தூணடிக்குப் போய் நின்றார்கள். ஏன் என்னை இந்த மனிதரோடு விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

"நான்தான் அந்தக் காணி பாக்கிற ஆள்" என்றார்.

மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்தது என்று சொல்லலாமா, பிள்ளைகள்? சொல்லக்கூடாது, ரீச்சர், ஆரும் தண்ணி தெளிச்சிருக்கலாம். வருடா வருடம் முதல் தவணையில் நான் படிப்பிக்கிற போலி நியாயம். அளவெட்டியில் கறுப்புக் குழாய் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? ஏமாற்றமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு விக்கலாக வந்தது.

அவர் தொடர்ந்து கதைத்துக்கொண்டிருந்தார். "அக்கா வந்து சொன்னா, தன்ரை வீடெண்டு கதிரையில இருத்தின பிள்ளைக்குச் சீனி எங்கை எண்டு தெரியேல்லையாம். ஓட்டோவில ஏறமுதலே ஆரெண்டு விளங்கிட்டுதாம். வீட்டை வந்து அந்த ஏழு இலக்கக் கடுதாசியைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ. எனக்குப் பெண் பாக்கத் தொடங்கி ஆறு வருஷம். எல்லாப் பிள்ளையும் அமைதி, எல்லாப் பிள்ளையும் நல்லாச் சமைக்கும். இந்தப் பிள்ளையை நான் பாக்கத்தான் வேணும் எண்டு சொல்லிப்போட்டன்." பிறகு நிறுத்தினார். "நீங்கள் வாசலைப் பாத்துக்கொண்டே நிக்கிறியள். வேற ஆரையோ எதிர்பாத்தனீங்கள்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். முதல் தரம் பார்க்கிற இடத்தில் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் இவர் நான் என்னைப் பற்றிச் சொன்ன உண்மைகளைக் கேட்டுவிட்டு வந்தவர். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஓம்" என்றேன். பஸ் நிலையம், எட்டு மாதம், கறுப்புக் குழாய், றப்பர் வளையம் எல்லாம் சொன்னேன். கை காட்டின கதையைக்கூடச் சொன்னேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"றப்பர் வளையம் போட்ட பையோ? உயரமா, கன்னம் ஒட்டி?" என்று கேட்டார். "அவர் எனக்குப் பக்கத்து மேசை. எனக்கு வேலை முடியச் சுணங்கும், அடுத்த பஸ்ஸிலதான் போறனான். அதாலதான் நீங்கள் என்னைக் காணேல்லை."

என் கண் மறுபடியும் வாசலுக்குப் போனது.

"அவர் இன்னும் கலியாணம் கட்டேல்லை" என்றார். "நல்ல மனுசன். குடி வெறி ஒண்டும் இல்லை. என்னைவிட வடிவாக் கீறுவார்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நீங்கள் விரும்பினா நான் நாளைக்கே அவரிட்டைக் கதைக்கிறன்" என்றார்.

கட்டிவிட்டார் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அந்த மனிதரில் அரைப்புள்ளிகூட அவர் குறைக்கவில்லை. நான் அப்போதுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். முகம் மரியாதையாகச் சிரித்துக்கொண்டு இருந்தது. கோயில் என்பதால் மேலே சட்டை இல்லை. சட்டை இல்லாத மனிதரால் முகத்தை ஒளிக்கலாம், நெஞ்சை ஒளிக்க முடியாது. அது ஓடிவந்த ஆளுடைய நெஞ்சு போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஓம் சொல்லிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். முப்பத்தைந்து வருடத்தில் நான் இல்லாமல் போய்விடுவேனோ என்று அம்மாவைத் தவிர ஒருவரும் பயந்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கால் நிலத்தில் நிற்காத அளவுக்குப் பிடித்துவிட்டது.

தூணடியில் இருந்து அம்மா புருவத்தை உயர்த்தி என்ன மாதிரி என்று கேட்டா. நான் அவவைப் பார்த்துச் சம்மதம் என்று தலையை ஆட்டினேன். அவருக்கு முதுகுப் பக்கம், அவர் காணவில்லை.

"என்ன, நாளைக்குக் கதைக்கட்டோ?" என்றார் மறுபடியும்.

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பயத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் போல இருந்தது.